பால்காரருக்குக் கால் எங்கே? படப்புத்தகத்துக்குத் தூரிகையா, திரையா, கத்தரிக்கோலா

"மிஸ், கோட் சோ லிப்யே?"

கேட்டவளுக்கு ஏழு வயது. நாங்கள் இருப்பது மொரிசியஸில். வீட்டில் பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல், மற்றப் பாடங்களில் பிரெஞ்சும் ஆங்கிலமும், ஆசிரியையான என்னிடம் மட்டும் தமிழ். ஆகையால் அவசரமான கேள்விகள் கிரியோலில்தான் வரும். "அவர் கால் எங்கே?" என் கையில் இருந்தது நான் எழுதி வரைந்துகொண்டிருந்த படப்புத்தகத்தின் டம்மி. நகலெடுத்த தாள்களை மடித்து நடுவில் பின் அடித்தது. புரட்டிப் பார்த்தேன். ஆறாம் பக்கத்தில் பால்காரர் செருப்புப் போட்டிருந்தார். பத்தாம் பக்கத்தில் வெறுங்கால். பதினான்கில் புல்லுக்குப் பின்னால் நின்றதால் காலே இல்லை. உண்மையைச் சொன்னால், கால் சரியாக வராததால்தான் அந்தப் புல்லையே வரைந்திருந்தேன். இரண்டு மாதமாகப் பெரியவர்கள் எவர் கண்ணிலும் படாததை அவள் இரண்டு நிமிடத்தில் பிடித்துவிட்டாள்.

அன்று தூரிகையைக் கீழே வைத்தேன். ஒரே காட்சியை வாட்டர்கலரில் ஒன்று, டேப்லெட்டில் ஒன்று, தாள் வெட்டி ஒட்டி ஒன்று என மூன்று விதமாகச் செய்து பார்த்துவிட்டுத்தான் மேலே போவது என்று முடிவெடுத்தேன். படப்புத்தகம் போட நினைக்கும் வேறு யாருக்காவது உதவுமே என்று அதை இங்கே எழுதுகிறேன்.

கதை மொரிசியஸ்காரர்களுக்குப் புதிதல்ல. தலைநகர் போர்ட் லூயிஸில் நின்று நிமிர்ந்தால் தெரியும் பீட்டர்போத் மலை. 820 மீட்டர் உயரம்; கூர் உச்சியில் கழுத்தின் மேல் தலை வைத்தது போல ஓர் உருண்டைப் பாறை. பால் விற்கப் போன ஒருவர் வழியில் மலையில் அசந்து தூங்கிவிடுகிறார். விழித்தால் நிலவொளியில் கன்னிமார் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். "கண்டதை யாரிடமும் சொல்லாதே" என்று எச்சரித்து அனுப்புகிறார்கள். அவர் சொல்லிவிடுகிறார். கல்லாகிவிடுகிறார். பிரெஞ்சில் 'ஃபே' என்று சொல்லப்படும் தேவதைகளை நான் 'கன்னிமார்' ஆக்கிக்கொண்டேன். அதற்கு யாரும் என்னைக் கல்லாக்கிவிட மாட்டார்கள் என்று நம்புகிறேன். மலைக்குப் பெயர் கொடுத்த பீட்டர் போத், டச்சுக் கிழக்கிந்தியாவின் முதல் தலைமை ஆளுநர். 1615இல் இந்தத் தீவின் கரையோரத்தில் கப்பல் உடைந்து மூழ்கிப்போனவர். அவரைப் புத்தகத்தில் சேர்க்கவில்லை. ஒரு கதைக்கு ஒரு துரதிர்ஷ்டசாலி போதும்.

எந்தக் கருவியை எடுத்தாலும் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. படப்புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம். அச்சுத்தாளை மடித்தால் 16 பக்கம் வரும், அப்படி இரண்டு மடிப்பு. தலைப்பு, பதிப்புரிமை எல்லாம் போனால் கதைக்கு மிஞ்சுவது 14 இரட்டைப்பக்கங்கள். அவற்றைத் தபால்தலை அளவில் ஒரே தாளில் கிறுக்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும். பால்காரர் வாயைத் திறப்பது ஒரு வலப்பக்கத்தின் கடைசியில் வந்தால்தான், தாளைத் திருப்பும்போது கல் வரும். தமிழ் இடமிருந்து வலம் போவதால் அவர் மலையேறுவதும் இடமிருந்து வலமாகத்தான். திரும்பி ஓடும்போது மட்டும் எதிர்த்திசை. எந்த முகமும் நடு மடிப்பில் மாட்டக்கூடாது. இதற்கெல்லாம் பென்சிலும் பொறுமையும் போதும். இதைச் செய்யாமல் எந்தக் கருவி நல்லது என்று கேட்பவர், சமையல் என்ன என்று தீர்மானிக்காமல் பாத்திரக் கடைக்குப் போகிறவர்.

இனி வாட்டர்கலர். என் முதல் காதல் அதுதான், ஒளிக்கவில்லை. எங்கள் தீவு எரிமலைத் தீவு; கல் என்றால் பசால்ட் கல். அல்ட்ராமரீன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் ஈரத்தில் கலந்து விட்டால் ஒரு சாம்பல் நிறம் வரும். அல்ட்ராமரீனின் துகள்கள் தாளின் பள்ளங்களில் போய் உட்கார்ந்துகொள்ளும். கல்லை வரைய வேண்டியதே இல்லை, அது தானாக உட்கார்ந்து கல்லாகும். மலைமேல் மூடுபனியும் அப்படித்தான்: தாளை நனைத்துவிட்டு நாம் விலகி நின்றால் போதும்.

ஆனால் நான் இருப்பது கியூர்பிப்பில். மத்திய மேட்டுநிலம், வெயில் என்பது விருந்தாளி. தாளுக்குப் பூசிய பசைப்பூச்சு ஈரக்காற்றில் பல மாதம் இருந்தால் கெட்டுப்போகிறது. பிறகு வண்ணம் மேலே நிற்காமல் ஒற்றுத்தாளில் மை போல உள்ளே இறங்குகிறது. அலமாரியில் ஓராண்டு வைத்திருந்த, சதுர மீட்டருக்கு 300 கிராம் தடிப்புள்ள பருத்தித்தாள் கட்டு ஒன்று எனக்கு அப்படிப் போயிற்று. காசு போனதைவிடக் கோபம் வந்தது, ஏனென்றால் தாளைப் பார்த்தால் எதுவும் தெரியாது. தூரிகை வைத்த பிறகுதான் புள்ளி புள்ளியாக அம்மை போட்டது போல் காட்டிக்கொடுக்கும். அப்புறம் இரவுக் காட்சிகள். வாட்டர்கலரில் வெளிச்சம் என்பது நாம் பூசாமல் விட்ட தாள். இருட்டு வேண்டுமானால் ஒன்றன்மேல் ஒன்றாக நாலைந்து பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. என் கதையில் பாதி இரவு. ஓர் இரட்டைப்பக்கத்துக்கு ஐந்து நாள், அதில் மூன்று நாள் காய்வதற்காகக் காத்திருப்பது.

முக்கியமான குறை இதுவும் இல்லை, கால்தான். வாட்டர்கலரில் ஒவ்வொரு பக்கத்திலும் பால்காரரைப் புதிதாகப் பிறக்க வைக்க வேண்டும். கை தேர்ந்தவர்களுக்கு அவர் அதே ஆளாகப் பிறப்பார். எனக்கு மூன்றாவது பக்கத்தில் அவர் அண்ணன் வருகிறார், ஏழாவதில் மாமனார். முகத்தை நாலு கோணத்தில் வரைந்து சுவரில் ஒட்டி வைத்தும் வழுக்கியது. பிழை வந்தால் பக்கம் முழுவதும் திரும்ப.

இங்கே குவாஷ் என்ற வண்ணத்தைச் சொல்லாமல் விட்டால் ஊரார் அடிப்பார்கள். எங்கள் தீவின் எழுத்தாளரும் ஓவியருமான மால்கம் டி ஷசால் (1902–1981) டோடோவையும் பூக்களையும் தட்டையான பளிச் நிறங்களில் குவாஷில்தான் வரைந்து தள்ளினார். குழந்தை வரைந்தது போல என்று அன்று சிலர் சிரித்த படங்கள் இன்று தீவின் அடையாளம். இந்த மலைகளை லெமூரியாவின் ஆதிமனிதர்கள் செதுக்கினார்கள் என்று 1951இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார் மனிதர். குமரிக்கண்டம் பேசும் நம்மவர்களுக்கு அவரைப் பிடித்துப்போகும். குவாஷ் ஒளிபுகா வண்ணம், இருட்டின் மேல் வெளிச்சத்தைப் பூசலாம், ஸ்கேனிலும் நன்றாக வரும். இரவுக் கதைக்கு வாட்டர்கலரைவிடச் சாலச் சிறந்தது. ஆனாலும் கால் சிக்கலுக்கு மருந்து இதிலும் இல்லை. ஆகவே தாண்டிப் போகிறேன்.

டேப்லெட்டில் கால் சிக்கல் ஒரே நாளில் தீர்ந்தது. பால்காரரை ஒருமுறை சரியாக வரைந்து, தலை, உடல், கை, கால், பால்குடம் என்று தனித்தனி அடுக்குகளில் வைத்துக்கொண்டால் பக்கத்துக்குப் பக்கம் அவரை அழைத்துக்கொண்டு போகலாம். பிடிக்காத நிறத்தை மாற்ற ஒரு விரல் போதும். பதிப்பாசிரியர் ஒருவர் மேலிருந்து திருத்தம் சொல்லிக்கொண்டே இருக்கிறார், கெடு நெருங்குகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், டேப்லெட்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சந்தேகம் வேறு இடத்தில். முதலாவது, உருப்பெருக்கும் வசதி. என் புத்தகம் விரித்தால் 50 சென்டிமீட்டர் அகலம், 25 உயரம். நான்கு பக்கமும் வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு, அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தால், ஏறக்குறைய 6,000க்கு 3,000 புள்ளிகள். அதைக் கையகலத் திரையில் வைத்து வரைகிறோம். பெரிதாக்கிப் பெரிதாக்கிக் கண்ணிமை மயிர் வரைக்கும் போய்விட்டேன். அச்சுப்பிரதியில் அது தூசி மாதிரி தெரிந்தது. ஒரு பக்கத்தில் கோடு தடிப்பு, மறுபக்கத்தில் மெலிவு, ஏனென்றால் இரண்டையும் வெவ்வேறு தூரத்திலிருந்து வரைந்திருக்கிறேன். தாளில் கை தன் அளவை மறப்பதில்லை. மேலும் இவ்வளவு பெரிய படம் என்றால் பழைய டேப்லெட் அனுமதிக்கும் அடுக்குகளின் எண்ணிக்கையும் குறைந்துவிடும். இருட்டுக்கு ஓர் அடுக்கு, நிலவுக்கு ஒன்று, பனிக்கு ஒன்று என்று வைத்தால் பால்காரரின் காலுக்கு இடமில்லை என்றது என் கருவி. விதி.

இரண்டாவது, நிறம். திரை ஒளியால் பேசுகிறது, அச்சு மையால். எங்கள் கடற்கரைக் காயல் நீரின் அந்தப் பச்சைநீலம் திரையில் மின்னும்; நீலம், மெஜெந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளில் அச்சானதும் மங்கிய பாசிநிறமாய் விழும். அந்த நிறம் மைகளின் எல்லைக்குள் இல்லவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர், "கடலுக்குக் காய்ச்சலா?" என்று கேட்டார். ஆனால் காவடி எடுப்பவர்கள் இங்கே உடுத்தும் அந்த ஃபூஷியா இளஞ்சிவப்பு அச்சில் அருமையாக வரும், காரணம் மெஜெந்தா என்பதே நான்கு மைகளில் ஒன்று. அதையே வாட்டர்கலரில் 'ஓபரா' பிங்க் வைத்துப் பூசினால் தாளில் ஜொலிக்கும், ஸ்கேனரில் செத்துப்போகும், வெயிலில் வெளிறியும் விடும். இந்த ஒரு நிறத்தில் டேப்லெட்டுக்கு வெற்றி. கன்னிமாருக்குக் காவடி நிறம் என்று அப்போதே மனத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

இந்த இடத்தில் எழுத்தைப் பற்றிப் பேச வேண்டும். படம் வரைபவர்கள் பலர் எழுத்தைக் கடைசியில் 'எங்காவது வைத்துக்கொள்ளலாம்' என்று நினைப்பதுண்டு. தமிழில் அப்படி முடியாது. நம் சொற்கள் நீளம், எழுத்துகள் அகலம், மேலே புள்ளியும் கீழே சுழியும் போக வரிகளுக்கு நடுவே மூச்சுவிட இடம் வேண்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு 20 பாயிண்டுக்குக் குறைந்தால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கிரியோலில் இரண்டு வரியில் முடிவது தமிழில் நான்கு வரி. 2012 முதல் தொடக்கப்பள்ளிகளில் கிரியோலும் பாடமாக இருப்பதால் பிள்ளைகள் அதை எழுத்திலும் படிக்கிறார்கள். அதனால் இரண்டு மொழியையும் ஒரே பக்கத்தில் போட்டால் என்ன என்று பெற்றோர் கேட்பார்கள். போட்டால் பிள்ளையின் கண் நேராகக் கிரியோலுக்குப் போகும், தமிழ் அலங்காரமாகிவிடும். நான் இரண்டு தனிப் பதிப்பு என்று முடிவு செய்தேன்.

இரண்டு பதிப்பு என்றால் அச்சகத்தில் ஒரு தந்திரம் உண்டு. ஒவ்வொரு மைக்கும் பிளேட் என்ற தனி அச்சுத்தகடு உண்டு. நீலம், மெஜெந்தா, மஞ்சள் பிளேட்டுகள் இரண்டு பதிப்புக்கும் பொது. கறுப்பு பிளேட்டை மட்டும் மாற்றி மொழியை மாற்றலாம். செலவு கணிசமாகக் குறையும். அதற்கு நிபந்தனை, எழுத்து முழுக்கக் கறுப்பில் மட்டும் இருக்க வேண்டும். இருட்டு வானத்தில் வெள்ளை எழுத்து கூடாது, ஏனென்றால் அந்த வெள்ளை நான்கு பிளேட்டிலும் ஓட்டையாக இருக்கும். நானோ பாதிக் கதையை இரவில் வைத்திருக்கிறேன்! ஆக ஒவ்வொரு இரவுப் பக்கத்திலும் கறுப்பு எழுத்து உட்கார வெளிச்சமான ஓர் இடம் வேண்டும். நிலா வேண்டும், இல்லாவிட்டால் பனி, சிந்திய பால், எதுவாயினும். இந்த நெருக்கடிதான் படங்களை உண்மையில் நல்லதாக்கியது. முதலில் பனி வெறும் அழகு. பிறகு பனி வந்தால் கதை பேசும் என்றாயிற்று.

படத்துக்குள்ளேயே எழுத்தை அடித்துவிடுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முதல் சோதனைப் பிரதியில் அச்சகத்தார் தங்கள் மென்பொருளில் என் வரிகளைத் திரும்பத் தட்டினார்கள். 'கொண்டு' என்ற சொல்லில் ஒற்றைக்கொம்பும் காலும் ககரத்தை விட்டுத் தனித்தனியே போய் நின்றன. இன்டிசைன் என்ற அந்தப் பக்க வடிவமைப்பு மென்பொருளில், இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் இப்படித்தான் சிதறும். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, குறை சொல்லிப் பயனில்லை. இப்போது எழுத்தைத் தனிக் கோப்பில் நானே அமைத்து, வடிவங்களாக மாற்றிக் கொடுக்கிறேன். பால்காரருக்குக் கால் போனது பத்தாதென்று எழுத்துக்கும் காலைக் கழற்றிவிட்டார்களே என்று அன்று சிரிப்பு வரவில்லை, இப்போது வருகிறது.

பட்டியலில் இருந்த மூன்றாவது வழியில், தாள் வெட்டி ஒட்டுவதில், இறங்கியது தற்செயலாகத்தான். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது மின்சாரம் போயிற்று. டேப்லெட் சார்ஜ் தீர்ந்து கறுப்புப் பலகையாகிவிட்டது, ஈரத்தில் வாட்டர்கலரை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. வீட்டில் மிஞ்சியவை மூலைக்கடைச் சீனரிடம் வாங்கிய வண்ணத்தாளும் பட்டம் ஒட்டும் மெல்லிய தாளும், ஒரு கத்தரிக்கோலும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பால்காரரை அட்டையில் வெட்டினேன். அந்த அட்டை வடிவத்தை வைத்துக்கொண்டு எத்தனை முறை வேண்டுமானாலும் அதே ஆளைப் பெறலாம். இருட்டு நீலத்தாளின் மேல் அவரை நகர்த்தினேன். இடப்பக்கம், வலப்பக்கம், கொஞ்சம் கீழே. பசை போடாத வரை எதுவும் முடிவல்ல. டேப்லெட்டின் அந்தச் சுதந்திரம் மேசையிலேயே கிடைத்தது, அதுவும் உண்மையான அளவில்.

படப்புத்தகங்களில் வெட்டுத்தாளுக்குப் புகழ் சேர்த்தவர்களில் ஒருவர் அமெரிக்கப் படப்புத்தகக் கலைஞர் எரிக் கார்ல். அவர் கடைத்தாளை அப்படியே பயன்படுத்தவில்லை. மெல்லிய டிஷ்யூ தாளில் தானே வண்ணம் பூசிக் காயவைத்து, நிறவாரியாகப் பெட்டிகளில் அடுக்கி வைத்துக்கொண்டு வெட்டினார். நானும் அதையே பின்பற்றினேன். இங்கேதான் வாட்டர்கலர் திரும்பி வந்தது. கல்லுக்கான சாம்பலையும் மலையின் பச்சையையும் வெயில் அடித்த நாட்களில் தாள்தாளாகப் பூசி வைத்தேன். பாழானால் ஒரு தாள் பாழ், முழுப்பக்கம் இல்லை. பனிக்கு, பூசிய தாளைக் கத்தரிக்காமல் கையால் கிழித்தேன். கிழிந்த ஓரத்தில் தாளின் உள்வெள்ளை தெரியும், அது பனியின் விளிம்பு. அதன் மேல் கறுப்பு எழுத்து நிம்மதியாக உட்கார்ந்தது.

குறைகள் இருக்கின்றன. முகபாவம் என்பது இதில் ஏறக்குறைய இல்லை. ஒரு புருவம், ஒரு வாய், அவ்வளவுதான். அழுகை, வெட்கம், பொய் சொல்லும் கண் எல்லாம் வேண்டிய கதைக்கு இதைத் தொடவே கூடாது. பென்சிலும் வாட்டர்கலரும் எடுங்கள். கூட்டம், சந்தை, சன்னல்கள் நிறைந்த தெரு வேண்டுமென்றால் விரல் போய்விடும், டேப்லெட் எடுங்கள். மலை, நிலா, ஓர் ஆள், நாலு கன்னிமார் என்று பெரிய வடிவங்களால் ஆன கதைக்குத்தான் இது. ஸ்கேனர் இன்னொரு தொல்லை. வீட்டு ஸ்கேனர் ஏ4 அளவுதான், துண்டுதுண்டாக எடுத்து இணைக்க வேண்டும். அதன் விளக்கு ஒரே திசையிலிருந்து வருவதால் ஒட்டிய ஓரங்களில் மெல்லிய நிழல் விழும், பக்கத்தைத் திருப்பி வைத்து எடுத்தால் நிழலும் திரும்பிவிடும். ஒரு மரத்துக்கு இடப்பக்கம் நிழல், அடுத்த மரத்துக்கு வலப்பக்கம்.

இருந்தும் வெட்டுத்தாளையே தேர்ந்தெடுத்தேன். காரணம் கால் மட்டும் அல்ல. கதையின் உச்சம் ஓர் ஆள் கல்லாவது. வாட்டர்கலரில் அதை வண்ணம் மாறுவதாகக் காட்டலாம், டேப்லெட்டில் ஒரு விளைவாகக் காட்டலாம். வெட்டுத்தாளில் அதே அட்டையை வைத்து, அதே கோட்டில், இம்முறை சாம்பல் தாளை வெட்டினேன். இடுப்பில் குடம், சாய்ந்த தலை, முன்வைத்த கால் எல்லாம் அப்படியே. நிறம் மட்டும் கல். தாளைத் திருப்பியதும் வகுப்பில் சத்தம் நின்றது. ஒரு பையன் விரலால் பக்கத்தின் மேல் அந்த ஓரத்தைத் தடவி, முன்பக்கத்துக்குப் போய் அங்கேயும் தடவிப் பார்த்தான். அளவு ஒன்றுதானா என்று சரிபார்த்திருக்கிறான்.

நிழல் தொல்லைக்கு ஸ்கேனரை விட்டுவிட்டு, மேலிருந்து கேமராவால் எடுக்கிறேன். இரண்டு பக்கமும் விளக்கு வைத்தால் நிழல் தணிந்துவிடும். ஆனால் கன்னிமார் ஆடும் பக்கத்தில் மட்டும் ஒரு விளக்கை அணைத்துவிட்டேன். அந்தப் பக்கத்தைக் காட்டியபோது என் ஏழு வயதுக்காரி மறுபடியும் காலைப் பார்த்தாள். நளன் உருவில் வந்த தேவர்களுக்கு நடுவே நளனைக் கண்டுபிடிக்கத் தமயந்திக்கு உதவிய அடையாளங்களில் ஒன்றை நளவெண்பா படித்தவர்கள் அறிவார்கள்: தேவர்களின் கால் நிலத்தில் படாது. பால்காரரை அடியோடு தாளில் ஒட்டியிருக்கிறேன். கன்னிமாருக்கு அடியில் சிறு அட்டைத் துண்டுகள் வைத்து அரைச் சென்டிமீட்டர் தூக்கியிருக்கிறேன், அவர்கள் நிழல் பாதத்தை விட்டு விலகி விழுகிறது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தவள், "மிஸ், இவங்க நிக்கல" என்றாள், தமிழில்.